தண்டுவடத்தில் அடிபட்ட தம்பியை வீட்டில் வைத்துப் பார்ப்பது: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

கரிசல்காட்டுப்பெண்

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குக் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் தம்பிக்கு வயது 29; சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சில வாரங்களுக்கு முன்பு நான்குவழிச் சாலையில் அவன் பைக்கின் மீது பின்னால் வந்த லாரி மோதியதில் முதுகெலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பியும் ஸ்குரூவும் வைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி10’ (மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது) என்றும் ‘ஏசியா ஏ’ (தண்டுவடக் காயத்தை அளக்கும் அளவுகோலில் முழுமையான காயம்) என்றும் எழுதியிருக்கிறது. தொப்புளுக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. மூத்திரக் குழாயும் பையுமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புரட்டிப் புரட்டிப் படுக்க வையுங்கள், பிசியோதெரபி கொடுங்கள், அடுத்த மாதம் வந்து காட்டுங்கள் என்பதற்கு மேல் யாரும் உட்கார்ந்து எதையும் சொல்லித்தரவில்லை.

வீட்டில் அம்மாவும் தம்பியின் மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். நான் சிவகாசியில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறுகளில் மட்டும் போக முடிகிறது. அவனைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, மலம் எடுப்பது எல்லாவற்றையும் அம்மாதான் செய்கிறார்கள். அவர்களுக்கே மூட்டு வலி. அவன் எப்போது நடப்பான் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ‘ஆறு மாதத்தில் சரியாகிவிடும்’ என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இயன்முறையாளன்

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். தண்டுவட நோயாளிகளோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். முதலில் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றவை ஒரு வாரம் பிந்தினால் சமாளித்துக்கொள்ளலாம். படுக்கைப் புண் ஒரே ராத்திரியில் தொடங்கிவிடும், ஆறுவதற்கு மாதக்கணக்காகும், ஆறுகிற வரை அவரை உட்காரவைக்கவும் முடியாது, பயிற்சி கொடுக்கவும் முடியாது.

நாம் தூக்கத்தில்கூட நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம், ஏனென்றால் ஓரிடம் அழுந்தினால் வலிக்கிறது. உங்கள் தம்பிக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் அகப்பட்ட சதைக்கு ரத்த ஓட்டம் நின்று, உள்ளுக்குள் செத்துப்போன பிறகுதான் வெளியே தோல் கிழிகிறது. அதனால் படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், நிலையை மாற்ற வேண்டும். பக்கவாட்டில் திருப்பும்போது முழுக்கச் செங்குத்தாகத் திருப்பினால் இடுப்பின் பக்க எலும்பு நேராக அழுந்தும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைத்து வைத்து, பாதி சாய்ந்த நிலையில் விடுங்கள். முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் பெட் வாங்கிப் போட்டிருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. அது உதவிக்குத்தானே தவிர, மாற்று ஆகாது.

காலையும் இரவும் செல்போன் டார்ச்சை அடித்து வால் எலும்பின் மேல்பகுதி, பிட்டத்தின் இரு எலும்புகள், இடுப்பின் பக்கங்கள், கணுக்கால், குதிகால் எல்லாவற்றையும் பாருங்கள். புத்தகங்களில் ‘சிவந்திருக்கும்’ என்று போட்டிருக்கும். நம் ஆட்களின் கறுத்த தோலில் சிவப்புத் தெரிவதில்லை. பக்கத்துத் தோலைவிடக் கறுத்தோ ஊதா பாய்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். புறங்கையை வைத்துச் சூடு தெரிகிறதா, தொட்டால் இறுகியோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறிய இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் அதுதான் முதல் கட்டப் புண். தோல் பழைய நிலைக்கு வரும்வரை அந்தப் பக்கமாக ஒரு நிமிடம்கூடப் படுக்க விடாதீர்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது.

இன்னும் சில: படுக்கையில் மேலே நகர்த்தும்போது அக்குளில் கையைக் கொடுத்து இழுக்காதீர்கள், அடியில் விரித்த போர்வையை இருவர் இருபுறமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை மருந்துக்கடைகளில் எடுத்துக்கொடுப்பார்கள். அது சுற்றியுள்ள தோலை அழுத்தி நடுவில் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வேண்டாம். வெந்நீர்ப் பையும் வேண்டாம். உணர்ச்சியில்லாத காலில் வைத்துக் கொப்புளம் போட்ட பிறகு வருபவர்களை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தக்கட்டி என்று எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நாலுசக்கரம்

எனக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்து பல வருடங்கள் ஆகின்றன. தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். இப்போது சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

பிசியோ ஐயா சொன்னதோடு நான் சேர்க்க விரும்புவது மூத்திரப் பை விஷயம். பையோடு அனுப்பிவிட்டார்கள் என்பதால் அதுதான் வாழ்நாள் ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளேயே நிரந்தரமாகக் கிடக்கும் குழாய் கிருமித் தொற்றுக்கும் கல்லுக்கும் வாசல் திறந்துவிடுகிறது. கை நன்றாக இருப்பவர்களுக்கு உலகமெங்கும் இன்று முதலில் கற்றுக்கொடுப்பது வேறு முறை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தானே செலுத்தி மூத்திரத்தை முழுக்க வடித்துவிட்டு, குழாயை எடுத்துவிடுவது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972-இல் இதைப் பற்றி எழுதியபோது, ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கையே போதும் என்று காட்டினார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி விரிந்து நிற்பதுதான் தொற்றுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் பெரிய காரணம் என்பது அவருடைய கருத்து. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்கு. அளவுக் குவளை ஒன்றும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஆரம்பத்தில் எழுதி வந்தால், தண்ணீர் எப்போது எவ்வளவு குடிக்கலாம் என்பது தானாகப் பிடிபடும்.  யூராலஜி டாக்டரிடமோ மறுவாழ்வுப் பிரிவிலோ ‘விட்டு விட்டுக் குழாய் போடும் முறை’ என்று கேளுங்கள். ஒரு நர்ஸ் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும். வீடியோ பார்த்துச் செய்யக் கூடாது.

மலத்துக்கும் நேரம் பழக்க வேண்டும். தினமும் ஒரே நேரம், சாப்பிட்டு அரை மணிக்குள் என்றால் குடல் தானே அசைந்து கொடுக்கும். அதைப் பழக்காமல் டயப்பரை நம்பி விட்டுவிட்டால், ஈரத்தில் ஊறி, முன்னால் சொன்ன தோல் விஷயத்தில் போய் முடியும்.

சகோதரி, கடைசியாக ஒன்று. இவ்வளவையும் அம்மா செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்கு இரண்டு கையும் நல்ல பலத்தோடு இருக்கின்றன. டி10 என்றால் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறலாம், குளிக்கலாம், உடுத்தலாம், குழாய் போட்டுக்கொள்ளலாம், கையால் ஓட்டும்படி மாற்றிய வண்டி ஓட்டலாம். இதில் எந்த ஒன்றையும் இன்னொருவர் செய்துகொண்டே இருக்கும்வரை அவன் கற்றுக்கொள்ள மாட்டான்.

வேப்பமரத்தடி

எங்கள் பெரியப்பா மகனும் இப்படித்தான் அடிபட்டுக் கிடந்தான். மூலிகை எண்ணெய் கட்டி உருவிவிட்டார்கள். நான்கு மாதத்தில் எழுந்து நடந்தான். இப்போது ஸ்டெம் செல் ஊசியும் போடுகிறார்கள் என்கிறார்கள். ஆங்கில வைத்தியத்தில் நம்பிக்கையை விட்டுவிடச் சொல்வார்கள்; நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

இயன்முறையாளன்

உங்கள் சகோதரர் எழுந்து நடந்தது மகிழ்ச்சியான செய்தி. அவருக்கு ஏற்பட்டது முழுமையற்ற காயமாக இருந்திருக்கும். ஏசியா அளவுகோலில் ஏ முதல் இ வரை ஐந்து நிலைகள் உண்டு. பி, சி, டி என்றால் காயத்துக்குக் கீழே ஏதோ ஓர் உணர்ச்சியோ அசைவோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். அவர்களில் பலருக்கு முதல் ஆறு மாதத்தில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், பலம் திரும்பி வரும். எண்ணெய் போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும். ஏ என்று எழுதப்பட்டவர்களில் நடக்குமளவு திரும்புபவர்கள் மிகக் குறைவு. அடிபட்டதும் தண்டுவடம் தற்காலிகமாகச் செயலற்றுக் கிடக்கும் அதிர்ச்சி நிலை தெளிந்த பிறகு இந்த அளவைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால், அடுத்த முறை போகும்போது சகோதரி அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

எண்ணெய் தேய்ப்பதை நான் ஒரேயடியாகத் தடுக்க மாட்டேன். வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று செய்பவர் தன் முழங்கையில் தொட்டுப் பார்த்து, மென்மையாகத் தடவினால் தோல் வறளாது. வீட்டாருக்கும் ஏதோ செய்கிறோம் என்ற ஆறுதல். ஆபரேஷன் செய்த முதுகை உருவுவது, கெண்டைக்காலை அழுத்திப் பிசைவது, மூட்டை நெம்புவது, இவைதான் கூடாது. ஸ்டெம் செல் விஷயத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல, ஆய்வாக மட்டுமே, அதுவும் நோயாளியிடம் பணம் வாங்காமல்தான், செய்ய வேண்டும். நிலத்தை விற்று அதற்குக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் நல்ல சக்கர நாற்காலி, மெத்தை, மறுவாழ்வுப் பயிற்சி, வீட்டில் சாய்தளம் எல்லாமே முடிந்து மீதியும் இருந்திருக்கும்.

குறிஞ்சிமலர்

மூன்று பேர் இவ்வளவு எழுதிவிட்டீர்கள், தம்பியின் மனைவியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சகோதரியும் ‘வீட்டில் இருக்கிறார்கள்’ என்ற பட்டியலில்தான் அவளைச் சேர்த்திருக்கிறார்.

என் கணவருக்கு அடிபட்டபோது நானும் அந்தப் பட்டியலில்தான் இருந்தேன். மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு மகனைத் துடைப்பார். நான் வெளியே சமையலும் குழந்தையுமாக நிற்பேன். வருகிறவர்கள் எல்லாரும் மாமியாரிடம்தான் விசாரிப்பார்கள். என்னிடம் வந்தால் ‘உன் தலையெழுத்து இப்படியா ஆக வேண்டும்’ என்பார்கள், அதையும் அவர் காதில் விழும்படி. ஒரு நாள் மாமியாருக்கே முதுகு பிடித்துக்கொண்டது. அன்றைக்குத்தான் எனக்கு எதையுமே செய்யத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. குழாய் போட மறுவாழ்வு மையத்தில் சொல்லித்தந்தபோது, ‘மனைவிக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், அவசரத்துக்கு ஆகும், ஆனால் தினமும் செய்ய வேண்டியவர் அவர்தான்’ என்று நர்ஸ் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தது.

மாமியாரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மகனைக் கையில் ஏந்திக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தோன்றவில்லை. ஆனால் முப்பது வயது ஆணை அம்மா கழுவிவிடுவதில் அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை யோசியுங்கள். என் கணவர் அந்த நாட்களில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பசியில்லை என்றார். பிறகுதான் சொன்னார், சாப்பிட்டால் மலம் போகும், அம்மா எடுக்க வேண்டிவரும் என்று.

வெளிப்படையாக இன்னொன்றும். கணவன் மனைவி உறவு, இன்னொரு குழந்தை, இவற்றைப் பற்றி யாரும் தாமாக முன்வந்து பேச மாட்டார்கள். மருத்துவத்தில் இதற்கும் வழிகள் இருக்கின்றன. மறுவாழ்வு மருத்துவரிடம் இருவரும் தனியாகப் போய்க் கேட்கலாம். அந்தப் பெண்ணிடம் இதை நீங்கள் நாத்தனாராகச் சொல்வதைவிட, டாக்டரைப் பார்க்கும்போது அவர்கள் இருவரையும் தனியே உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள்.

என் கணவர் அரசுத் துறை ஒன்றில் களப்பணியாளர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 20-ஆவது பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். விருப்ப ஓய்வு எழுதித்தரச் சொல்லி வற்புறுத்தினார்கள். தரவில்லை. இப்போது அலுவலகத்தில் எழுத்துப் பணி பார்க்கிறார். உங்கள் தம்பிக்கு இது பொருந்தாது. படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதினேன்.

கரிசல்காட்டுப்பெண்

எல்லாருக்கும் நன்றி. குறிஞ்சிமலர் அக்கா, நேற்று இரவு தம்பி மனைவியிடம் போனில் நெடுநேரம் பேசினேன். அவள் அதிகம் பேசவில்லை. ‘அத்தைதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்களே அண்ணி’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில், அவளுக்கும் கற்றுக்கொள்ள ஆசை என்று சொன்னாள். டார்ச் அடித்துப் பார்த்ததில் இடது குதிகாலில் ஓர் இடம் கறுத்திருப்பதாகவும் சொன்னாள். தலையணை வைத்திருக்கிறார்கள்.

அவன் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. அம்மா சொன்ன ஆறு மாதக் கெடுவை அவன் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறானாம்.

கருப்புக்கோட்டு

சகோதரி, அந்தக் கேள்விக்கு மற்றவர்கள் சொல்லட்டும். கெடு என்றதும் எனக்கு இன்னொரு ஆறு மாதம் நினைவுக்கு வருகிறது. நான் விபத்து வழக்குகள் நடத்துபவன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, லாரியின் இன்சூரன்ஸ் விவரம், எல்லா பில்களும், ஆம்புலன்சுக்கும் டயப்பருக்கும் கொடுத்த ரசீது உட்பட, ஒரு கோப்பில் சேருங்கள். தம்பியின் வருமானத்துக்கு ஆதாரமாக வேன் உரிமையாளரிடம் சம்பளச் சான்றும், ஓட்டுநர் உரிமத்தின் நகலும் வாங்குங்கள்.

இரண்டு விஷயங்களைக் குடும்பங்கள் கேட்காமல் விட்டுவிடுகின்றன. முதலாவது, ஊனச் சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது. கால் செயலிழந்த வேன் ஓட்டுநருக்கு அந்தத் தொழில் முழுக்கவே போய்விட்டது. இரண்டாவது, பார்த்துக்கொள்பவருக்கான செலவு. 2020-இல் காஜல் என்ற சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவியாளர்களுக்கு ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இருவருக்கு, 18 என்ற பெருக்கெண்ணைக் (வயதைப் பொறுத்து எத்தனை வருடத்துக்குக் கணக்கிடுவது என்று எடுக்கும் எண்) கொண்டு 21,60,000 ரூபாய் கணக்கிட்டுக் கொடுத்தது. அம்மாவும் மனைவியும் பார்த்துக்கொள்வதால் செலவில்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். மனுவிலேயே அதைத் தனித் தலைப்பாகக் கேட்டுவிடுங்கள். ஊனச் சான்று வருவதற்கு முன்பே சமரசத்துக்கு அழைத்து ஒரு தொகையைக் காட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம்.

வைகைக்கரை

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கினால், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும், சக்கர நாற்காலிக்கும், பிறகு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கும் விண்ணப்பிக்கலாம்.

கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ அடிபட்டவர்களின் வீட்டார் யாராவது படித்தால் ஓர் எச்சரிக்கை: நோயாளிக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்த உயர்வு வந்தால், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, மூத்திரக் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். குழாயைச் சரிசெய்தும் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். டி6-க்குக் கீழே அடிபட்டவர்களுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை.

சாரங்கட்டி

வீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டடப் பொறியாளன் என்பதால் சுருக்கமாக: சாய்தளத்துக்கு ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும்; திண்ணை ஓர் அடி உயரம் என்றால் பன்னிரண்டு அடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் அவரால் தனியே ஏற முடியாது, இறங்கும்போது கவிழ்வார். கிராமத்து வீடுகளில் கழிவறைக் கதவுதான் வில்லங்கம்: இரண்டடி அகலத்தில் உள்பக்கம் திறக்கும். குறைந்தது 32 அங்குலம் இடைவெளி கிடைக்கும்படி நிலையை மாற்றி, கதவை வெளியே திறக்கும்படி வையுங்கள். உள்ளே ஆள் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால் காப்பாற்ற வழி வேண்டுமல்லவா? நிலைப்படியை எடுத்துவிடலாம். எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், இருபுறமும் சிமென்ட்டால் சரிவு கொடுத்துப் படியை அப்படியே விட்டுவிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன்.

நாலுசக்கரம்

நாற்காலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மடக்கு நாற்காலியை வாங்கிவிடாதீர்கள். அது இன்னொருவர் தள்ளுவதற்காகச் செய்தது. தம்பியின் இடுப்பு அளவுக்கு, அவன் கைக்குச் சக்கரம் எட்டும் உயரத்தில், நல்ல மெத்தையோடு வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பிட்டத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பேன்ட் பின்பையில் பர்சும் சாவியும் வைக்கக் கூடாது.

இனி நாட்காட்டி விஷயம். எனக்கும் அப்படி ஒரு தேதி சொன்னார்கள். அந்தத் தேதி கடந்த மறுநாள் எனக்கு ஆத்திரம் வந்தது கால்மீது அல்ல, தேதி சொன்னவர்கள்மீது. அதன் பிறகு அவர்கள் சொன்ன நல்லவற்றையும் நான் நம்பவில்லை. அவனிடம் உண்மையை மறைத்திருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். தன் காலில் ஒரு விரலும் அசையவில்லை என்பது இரவு முழுக்க விழித்துக் கிடக்கிற அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மாவின் முகத்துக்காக அவனும் நம்புவதுபோல இருக்கிறான், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியவர் டாக்டர். அவன், மனைவி, அம்மா மூவரும் இருக்கும்போது, ஏசியா பரிசோதனையைத் திரும்பச் செய்துவிட்டு, இன்றைக்கு நிலை இது, மாற்றம் வந்தால் இப்படித் தெரியும், வராவிட்டால் உன்னால் இன்னின்னவை முடியும் என்று சொல்ல வேண்டும். ‘இனி நடக்கவே மாட்டாய்’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு எழுந்துபோகும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் மறுவாழ்வு மருத்துவரிடம் போகச் சொல்கிறேன்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், 1966-இல் அதை உருவாக்கினார். உங்களுக்குப் பக்கம் என்றால் தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் கழுத்தில் அடிபட்டு நான்கு கைகால்களும் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும் உண்டு.

ஆனால் இந்தப் பெரியவர்களின் கதைகளை இப்போதே தம்பியிடம் எடுத்துச் சொல்லி உற்சாகப்படுத்தக் கிளம்பிவிடாதீர்கள். பல் துலக்க எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றுகிறவனிடம் பத்மஸ்ரீ வாங்கியவரைக் காட்டினால் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். எனக்கு உதவியது பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு லாரி கிளீனர். அவர் தானே குழாய் போட்டுக்கொண்டு, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பீடிக்கு நெருப்பு இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். பீடியைப் பற்றி நர்ஸ் திட்டியது தனிக்கதை.

கரிசல்காட்டுப்பெண்

ஆய்க்குடிக்குப் போன் செய்தேன். வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை, ‘என் பிள்ளையை ஆசிரமத்தில் கொண்டுபோய் விடவா’ என்றார்கள். அங்கே பயிற்சி கொடுத்துத் திருப்பி வீட்டுக்கு அனுப்புவார்கள், உடன் ஓர் ஆள் தங்கலாம் என்று விளக்கியதும், தங்குவது தான்தான் என்றார்கள். இல்லை, மருமகள் தங்கட்டும், குழந்தையை அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று தம்பியே சொன்னானாம். அம்மாவுக்கு வருத்தம்தான், இரண்டு நாளாக என்னிடமும் சரியாகப் பேசவில்லை. வக்கீல் ஐயா சொன்ன காகிதங்களில் சம்பளச் சான்று மட்டும் பாக்கி.

காரில் கூட்டிப்போகப் போகிறோம். வழியில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

இயன்முறையாளன்

குதிகால் கறுப்பு மறைந்துவிட்டதா என்று கிளம்பும் முன் பாருங்கள். மறையாவிட்டால் போன உடனே அங்கே காட்டுங்கள். முதுகுக்குப் பெல்ட் கொடுத்திருந்தால் படுத்த நிலையிலேயே மாட்டிவிட்டுப் பிறகு எழுப்புங்கள். கார் சீட்டின் மேல் நல்ல மெத்தை போட்டு, முன் இருக்கையில், சீட்டைப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் சாய்த்து உட்கார வையுங்கள். மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். மடியில் வைத்தால் திரும்பி உள்ளே ஓடும். கிளம்பும் முன் பையைக் காலி செய்யுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, அவர் கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளட்டும். முடியாவிட்டால் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். இன்ஜின் சூடு வரும் பக்கத்தில் வெறுங்கால் படாமல், சாக்ஸ் போட்டுக் காலடியில் ஒரு போர்வையை மடித்து வையுங்கள். எக்ஸ்ரேவையும் ஆபரேஷன் குறிப்பையும் மறந்துவிடாதீர்கள்.

குறிஞ்சிமலர்

அந்தப் பெண்ணுக்கு மாற்றுடையும் கொஞ்சம் கைச்செலவுப் பணமும் தனியாகக் கொடுத்து அனுப்புங்கள். உடன் தங்குகிறவர்களுக்கு யாரும் நினைத்துக் கொடுப்பதில்லை.